39 வயதில் எந்தப் பென்ஷன்?

மணப்பாறை பக்கமிருந்து எழுதியிருக்கும் வாசகருக்கு 39 வயது; மனைவிக்கு 35. மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். ‘அப்பாவுக்கு எழுபது வயசாச்சு. வெத்தலை பாக்குக்குக்கூட என் கையைத்தான் எதிர்பார்க்கிறார். நாளைக்கு நாங்களும் பிள்ளைகளிடம் அப்படி நிற்காமல் இருக்க எந்தப் பென்ஷனில் சேரலாம்?’ என்று கேட்டிருக்கிறார்.

சேருவதென்றால் தள்ளிப்போடக் கூடாது. இவருக்குப் பொருந்தும் மத்திய அரசுத் திட்டங்கள் இரண்டு. இரண்டிலுமே சேரும் வயது 18 முதல் 40 வரைதான்.

முதலாவது, 2019-ல் வந்த பிரதமரின் கிசான் மான்தன் யோஜனா. 2 ஹெக்டேர் வரை, அதாவது சுமார் ஐந்து ஏக்கர் வரை நிலம் உள்ள விவசாயிகளுக்கானது. 39 வயதுக்காரர் மாதம் 190 ரூபாய் கட்டினால், அரசும் அவர் கணக்கில் 190 ரூபாய் போடும். 60 வயது முடிந்ததும் மாதம் 3,000 ரூபாய் வரும். மனைவியும் தனியாகச் சேரலாம். 35 வயதுக்கு 150 ரூபாய். பட்டா கணவர் பெயரில்தானே இருக்கிறது என்று அவர் ஒதுங்க வேண்டியதில்லை. பல வீடுகளில் இது தெரியாமலே வயது கடந்துவிடுகிறது.

இரண்டாவது, அடல் பென்ஷன் யோஜனா. வருமான வரி கட்டுபவர்கள் இதில் சேர முடியாது. அதே 3,000 ரூபாய் பென்ஷனுக்கு இவர் 792 ரூபாய், மனைவி 543 ரூபாய் மாதாமாதம் கட்ட வேண்டும். ஆனால், சேர்ந்தவர் இறந்தால் துணைக்கு முழு பென்ஷனும் கிடைக்கும். அவருக்கும் பிறகு வாரிசுதாரருக்கு 5.1 லட்சம் ரூபாய் வரும். மான்தனில் துணைக்குப் பாதிதான், 1,500 ரூபாய். இருவரும் போனபின் பிள்ளைகளுக்கு எதுவும் வராது.

மழையை நம்பும் குடும்பத்தால் இருபது வருஷத்துக்கு மேல் விடாமல் கட்ட முடிவது இருவருக்கும் சேர்த்து 340 ரூபாய்தான். 1,335 ரூபாய் அல்ல. அதனால் இவருக்கு மான்தனே சரி. பி.எம்.கிசான் பணம் வாங்குபவராக இருந்தால், தன் தவணையை அதிலிருந்தே பிடித்துக்கொள்ள எழுதிக்கொடுக்கலாம். நாலு மாதத்துக்கு 760 ரூபாய் போக மீதி கைக்கு வரும். ஆதார், வங்கி பாஸ்புக்கோடு பொதுச் சேவை மையத்துக்குப் போனால் பதிந்து தருவார்கள்.

ஒன்று மட்டும் கணக்கில் இருக்கட்டும். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவிகிதம் ஏறினால், 21 வருஷம் கழித்து வரும் 3,000 ரூபாய்க்கு இன்றைய 900 ரூபாய் மதிப்புகூட இருக்காது. கையில் ஆடு, மாடு, வரப்போர மரம் என்று இருப்பதை இந்தப் பென்ஷனை நம்பி விற்றுவிட வேண்டாம்.