விடுமுறையும் பாலர் வகுப்பும்

‘கிண்டர்கார்ட்டன்’ என்னும் ஜேர்மன் சொல்லுக்குச் சிறுவர் தோட்டம் என்பது பொருள். கல்வியறிஞர் பிரெடரிக் புரோபல் 1837ஆம் ஆண்டிலே தாம் தொடங்கிய பாலர் நிலையத்துக்கு 1840இல் இப்பெயரை இட்டார். பந்து, கனசதுரம், உருளை ஆகியனவே அவர் குழந்தைகளுக்கு அளித்த முதற் பாடநூல்கள்.

இன்றோ நம் நாட்டில் ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் நிழல் பாலர் வகுப்புவரை நீண்டு கிடக்கின்றது. விடுமுறையிலும் நான்கு வயதுக் குழந்தையின் கையிற் பென்சிலையுங் கொப்பியையுந் திணிக்கின்றோம். எழுத்தை அறியுமுன் எழுத்துக்கு அஞ்சக் கற்கின்றது அக்குழந்தை.

விடுமுறையில் வகுப்பே வேண்டா என்பாரும் உளர். தாயுந் தந்தையும் தொழிலுக்குச் செல்லும் இல்லங்களிற் குழந்தை எங்கே போகும்? ஆதலின் வகுப்பு நடக்கட்டும். கொப்பி உறங்கட்டும் என்பதே எமது கருத்து.

சித்திரை விடுமுறையில் ஒரு வாரத்துக்குப் ‘புத்தாண்டு’ எனப் பெயரிடுக. கோலப் புள்ளிகளை எண்ணுதல் கணிதம். கைவிசேட நாணயங்களை வகை பிரித்தல் ஒப்புநோக்கல். உறவினர் வந்த கதையைச் சொல்லுதல் மொழிப்பயிற்சி. அடுத்த வாரம் ‘பனை’ ஆகுக. ஓலைக் காற்றாடி மடிக்கும் விரல் நாளை எழுதுகோலை இலகுவாய்ப் பிடிக்கும். நுங்கு வண்டிலை உருட்டும் குழந்தை வட்டத்தின் இயல்பைக் கண்டுகொள்ளும். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டா. பொறுமையுள்ள ஆசிரியர் வேண்டும்.

கல்லூரிக்கு மாடிகள் எழுப்பும் பழைய மாணவ அன்பர்கள் இப்பாலரையும் நினைவிற் கொள்வார்களாக. செடியை இழுத்து வளர்த்த தோட்டக்காரன் எவனும் இலன்.