மருத்துவர் வழக்கறிஞராகவும் இருக்கக் கூடாதா?

எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு எல்.எல்.பி. படிக்கும் இளையோர் என்னைப் போன்ற ஆய்வாளர்களிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "இரண்டு பட்டமும் பெற்ற பின் என்ன செய்யலாம்?" வழிகாட்டுவோர் உடனே ஒரு பட்டியலை நீட்டுகிறார்கள். பெருமருத்துவமனைகளின் சட்டப் பிரிவு, காப்பீட்டு நிறுவனம், மருந்து நிறுவனம், மருத்துவச் சட்டம் கற்பித்தல் என அது நீளும். பட்டியலில் பொய்யில்லை. ஆனால் நோயாளிக்காக நீதிமன்றத்தில் நின்று வாதாடும் மருத்துவர் அதில் இல்லை. அவர் இல்லாமற்போனது தற்செயலும் அன்று.

1996-இல் உச்ச நீதிமன்றம் டாக்டர் ஹனிராஜ் சுலானி வழக்கில் தீர்ப்பளித்தது. சட்டமும் பயின்ற அந்த அறுவை மருத்துவர், மருத்துவத் தொழிலைக் கைவிடாமலே வழக்கறிஞராகப் பதிவுபெற விரும்பினார். வேறு தொழில் செய்பவரைச் சேர்ப்பதில்லை என்னும் தன் விதியைக் காட்டி மகாராஷ்டிரா–கோவா பார் கவுன்சில் மறுத்தது. அவ்விதி செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். வழக்கறிஞர் தொழில் முழுநேர ஈடுபாட்டைக் கோருவது. இரு குதிரைகளில் ஒருசேரச் சவாரி செய்ய இயலாது என்பதே தீர்ப்பின் சாரம்.

இவ்வாதத்தை எளிதில் புறந்தள்ள முடியாது. அறுவை அரங்கில் நோயாளி மயக்கத்தில் கிடக்க, நீதிமன்றத்தில் வழக்கு அழைக்கப்பட்டால் மருத்துவர் எங்கே நிற்பார்? ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்றிருப்பவரால் இருதரப்புக்கும் கேடுதான். ஆனால் அவ்விதி ஒருவர் நாளில் எத்தனை மணி நேரம் எதற்குச் செலவிடுகிறார் என்று பார்ப்பதில்லை. மாலையில் இரண்டு மணி நேரம் மட்டும் நோயாளிகளைப் பார்ப்பவரையும், இரவுபகல் அறுவை செய்பவரையும் ஒரே கோலால் அளக்கிறது.

அதே நேரத்தில் வேறு சிலருக்குக் கதவு திறந்தே இருக்கிறது. வழக்கறிஞர் நாளுக்கு மூன்று மணி நேரம் வரை சட்டக் கல்லூரியில் கற்பிக்கலாம். நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் வழக்கறிஞராகத் தொழில் செய்யத் தடையில்லை என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அவர்கள் முழுநேர ஊதியம் பெறும் ஊழியர் அல்லர் என்பது அங்கே சொல்லப்பட்ட முக்கியக் காரணம். சொந்த மருத்துவகம் நடத்தும் மருத்துவர் மட்டும் யாருடைய ஊழியர்? பல இலட்சம் மக்களின் பிரதிநிதிக்கு நேரம் இருக்கும் என்று நம்புகிறோம்; மருத்துவருக்கு இருக்காது என்று முன்கூட்டியே முடிவு கட்டுகிறோம்.

இதில் மருத்துவரின் இழப்பு சிறிது, பேரிழப்பு நோயாளிக்கே. 1995-இல் வி.பி. சாந்தா வழக்கு மருத்துவ சேவையை நுகர்வோர் சட்டத்தின்கீழ்க் கொணர்ந்தது. 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கு, மருத்துவர்மீது குற்ற நடவடிக்கை கோருவோர் தகுதியுள்ள இன்னொரு மருத்துவரின் நம்பத்தக்க கருத்தை முன்வைக்க வேண்டும் என்றது. பொய்ப் புகார்களிலிருந்து மருத்துவரைக் காக்கும் அந்நோக்கம் நியாயமானது. ஆயினும் சக மருத்துவருக்கு எதிராகக் கருத்துரைக்க முன்வருவோர் எத்தனை பேர்? சிகிச்சைக் குறிப்பேட்டில் விடுபட்ட ஒரு வரியின் பொருளை யார் படித்துச் சொல்வார்?

1998-இல் இறந்த அனுராதா சாஹாவின் வழக்கில் இறுதி இழப்பீடு 2013-இல்தான் தீர்மானமாயிற்று. தொகை ஏறத்தாழ 6 கோடி ரூபாய். பதினைந்து ஆண்டுகள் போராடிய கணவர் குணால் சாஹா தாமே மருத்துவர். மருத்துவம் அறியாத ஒரு கூலித் தொழிலாளி அந்தத் தொலைவை எப்படிக் கடப்பார்?

இங்கேதான் விதியின் உண்மையான விளைவு தெரிகிறது. மருத்துவமனைக்கோ காப்பீட்டு நிறுவனத்துக்கோ சம்பளத்துக்குச் சட்ட ஆலோசனை சொல்ல வழக்கறிஞராகப் பதிவுபெற வேண்டியதில்லை. நோயாளிக்காக வழக்காடத்தான் பதிவு வேண்டும். ஆகவே இரட்டைப் பட்டம் பெற்றவரை இவ்விதி நிறுவனத்தின் பக்கம் தடையின்றி அனுப்புகிறது. நோயாளியின் பக்கம் வருபவரிடம் மட்டும் மருத்துவத்தைத் துறந்துவிட்டு வரச் சொல்கிறது. எட்டரை ஆண்டுப் படிப்பில் ஐந்தரை ஆண்டை யார் துறப்பார்?

விதி செல்லும் என்றுதான் நீதிமன்றம் கூறியது. அதை மாற்றவே கூடாது என்று கூறவில்லை. மாநில பார் கவுன்சில்கள் இந்திய பார் கவுன்சிலின் ஒப்புதலோடு திருத்தலாம். மருத்துவம் சார்ந்த வழக்குகளுக்கு மட்டும் வரையறுக்கப்பட்ட பதிவு வழங்கலாம். தாம் பணிபுரியும் மருத்துவமனை தொடர்பான வழக்கை ஏற்கத் தடை விதிக்கலாம். சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் இவர்களை ஏழை நோயாளிகளுக்காக நியமிக்கலாம். இரு அறிவும் ஓர் அவையில் அமர்வது நமக்குப் புதிதன்று: 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பசுமைத் தீர்ப்பாயத்தில் நீதித்துறை உறுப்பினருடன் துறை வல்லுநரும் அமர்கிறார். சுற்றுச்சூழலுக்கு ஏற்றது மனித உடலுக்கு ஏன் ஆகாது?

மாணவ நண்பர்களே, எந்த வேலை கிடைக்கும் என்று கேட்பதில் தவறில்லை. எந்த வேலையை நமக்கு மறுத்திருக்கிறார்கள், அதனால் யாருக்கு ஆதாயம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். மாற்றுக் கருத்துடைய வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் கீழே எழுதுங்கள், விவாதிப்போம்.