அளந்து பார்ப்பதற்கும் கூலி உண்டு

வாகனம் திருத்துகிறவனுக்கு இரண்டு வேலை. பழுது எங்கே என்று கண்டுபிடிப்பது ஒன்று, அதைத் திருத்துவது மற்றது. நம்மவர்கள் இரண்டாவதற்கு மட்டுமே காசு கொடுத்துப் பழகிவிட்டார்கள். புதுச் சாமானுக்கு 600 டொலர் என்றால் மறுபேச்சில்லை. “ஒரு மணித்தியாலம் சோதிக்க வேணும், அதுக்குக் கூலி இவ்வளவு” என்றால் முகம் மாறிவிடும். ரொறொன்ரோவில் கராஜ் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் காசைக் கரைப்பது இந்தப் பழக்கம்தான்.

இதற்கு நல்ல சாட்சி டட்சன் 280இசட். 1975 முதல் 1978 வரை வட அமெரிக்காவில் விற்பனையான ஸ்போர்ட்ஸ் கார். ஆறு சிலிண்டர், 2.8 லீற்றர் எஞ்சின். முன்னே வந்த 240, 260 இரண்டும் காபரேற்றரில் ஓடியவை. இதில் போஷ் நிறுவனத்தின் எல்-ஜெட்ரொனிக் முறை. உள்ளே போகும் காற்றை ஒரு மானி அளக்க, ஒரு சிறு கொம்பியூட்டர் கணக்குப் போட்டு ஆறு இன்ஜெக்ரர்களால் பெற்றோலைப் பீச்சும்.

பனிக்காலம் முழுக்க மூடிக் கிடந்துவிட்டு மே மாதம் வெளியே வரும்போது இந்தக் கார்களில் அடிக்கடி வரும் முறைப்பாடு ஒன்றுதான். கறுப்புப் புகை, பின்னால் நிற்க முடியாத பெற்றோல் மணம், கரி படிந்த பிளக்குகள். எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெற்றோல் இருந்தால் முழுதாக எரியும். பெற்றோல் அதைவிடக் கூடிவிட்டது என்பதே இந்த அறிகுறிகளின் பொருள். அப்படியே ஓட்டினால் எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி, எஞ்சின் ஒயிலையே நீர்த்துப்போகச் செய்துவிடும்.

ஒரு தம்பி அப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். வேறோர் இடத்தில் ஆறு இன்ஜெக்ரர்களும் காற்று மானியும் ஏற்கெனவே மாற்றியாயிற்று, புகை நிற்கவில்லை. “அண்ணை, கொம்பியூட்டரையும் மாத்திப் பாப்பமோ?” என்றார். “முதல்ல அளந்து பாப்பம் தம்பி” என்றேன்.

பெற்றோல் அழுத்தத்தில் தொடங்கினேன். றெகுலேற்றரின் வக்கியூம் குழாயைக் கழற்றினால் உள்ளே ஈரமில்லை. ஆகவே அதன் சவ்வு கிழியவில்லை. குழாய் கழன்றிருக்கும்போது சதுர அங்குலத்துக்கு 36 இறாத்தல் அளவில் நிற்க வேண்டும், நின்றது. மாட்டியதும் இறங்க வேண்டும், இறங்கியது. எஞ்சினை நிறுத்திய பின்னும் முள் சட்டென்று விழவில்லை. இன்ஜெக்ரர் எதுவும் ஒழுகவில்லை. புதிதாக ஆறு வாங்கிப் போட்டதில் இந்தப் புகைக்கு எந்தப் பயனும் இல்லை.

அடுத்தது, தண்ணீரின் சூட்டைக் கொம்பியூட்டருக்குச் சொல்லும் சென்சர். விரலளவு பித்தளைத் துண்டுதான். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும்: 20 பாகை செல்சியஸில் ஏறத்தாழ 2,500 ஓம், 80 பாகையில் 300 ஓம் அளவு. தடை கூடினால் எஞ்சின் இன்னும் குளிராகக் கிடக்கிறது என்று எண்ணிக் கொம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டும். நன்றாகச் சூடேற்றி நிறுத்திய எஞ்சினில் சென்சரின் முனைகளில் மீற்றரை வைத்தேன். முந்நூற்றுச் சொச்சம், சரி. கனெக்ரரை மறுபடி மாட்டிவிட்டு, சாரதியின் காலடிப் பக்கம் இருக்கும் கொம்பியூட்டரின் பிளக்கைக் கழற்றி, அதே கம்பி வந்து சேரும் முனையில் அளந்தேன். இரண்டாயிரத்துக்கு மேல் காட்டியது.

சென்சரிலும் பிழையில்லை, கொம்பியூட்டரிலும் பிழையில்லை. நடுவிலிருந்த கனெக்ரரின் முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. காருக்குள் சூடு காட்டும் முள் சரியாகத்தான் நின்றது. அதற்கு வேறு சென்சர். அதனால்தான் சூட்டுப் பக்கம் எவருக்கும் சந்தேகம் வரவில்லை. சில டொலருக்கு ஒரு கனெக்ரர் வாங்கி மாற்றியதும் புகை நின்றது.

இதைத் தேடாமல் குறுக்கு வழியில் போகிறவர்களும் உண்டு. காற்று மானியின் கறுப்பு மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் பற்சக்கரத்தைத் திருப்பிச் சுருள்வில்லை இறுக்குவார்கள். பெற்றோல் குறையும், புகையும் குறையும். ஆனால் களிம்பு அங்கேயே இருக்கிறது. நாளைக்கு இன்னொருவர் அந்தக் கனெக்ரரைத் துடைத்துவிட்டால் எஞ்சினுக்குத் தேவையானதைவிடக் குறைவாகப் பெற்றோல் போகும். அந்த நிலையில் நெடுஞ்சாலையில் மிதித்து ஓட்டினால் பிஸ்ரனே உருகலாம். பழுதை மறைப்பதைத் திருத்தம் என்று விற்பது தொழிலுக்குத் துரோகம்.

பழைய காருக்கு மட்டும் உரிய கதையல்ல இது. அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து எல்லாக் கார்களிலும் ஒரே வகைச் சோதனைச் சொக்கற் கட்டாயமானது. கருவியை மாட்டினால் ‘பி0172’ என்று வரும்; கலவையில் பெற்றோல் கூடிவிட்டது என்று பொருள். உடனே ஒட்சிசன் சென்சரை மாற்றச் சொல்லுகிறார்கள். பெரும்பாலும் அந்தச் சென்சர் உள்ளதைத்தான் சொல்லியிருக்கும். கருவி அறிகுறியைச் சொல்லும். காரணத்தை மனிதன்தான் தேட வேண்டும்.

சோதனை என்ற பெயரில் சும்மா காசு பிடுங்குகிறார்கள் என்ற சந்தேகம் மக்களுக்கு இருக்கிறது. அது நியாயமான சந்தேகம். அதற்கு வழியும் இருக்கிறது: என்ன அளந்தீர்கள், எவ்வளவு காட்டியது, எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்ற மூன்றையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். உண்மையாக வேலை செய்தவனுக்கு அதை எழுத இரண்டு நிமிடம் போதும். எழுதித் தருகிறவனுக்கு அந்த ஒரு மணித்தியாலக் கூலியை முழுதாகக் கொடுங்கள். எழுத மறுக்கிறவனிடம் புதுச் சாமானும் வாங்காதீர்கள்.