படுக்கைப் புண்ணும் இரவுக் கணக்கும்

நம் சங்க மலரில் கம்பனைப் பற்றி எழுதவும் காதலைப் பற்றி எழுதவும் நண்பர்கள் பலர் இருக்கிறார்கள். விஞ்ஞான மாணவன் ஒருவன் படுக்கைப் புண்ணைப் பற்றி எழுத வந்தால் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்க வேண்டா. இது தில்லித் தமிழராகிய நம்மைத் தொட்ட விஷயம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சிலர் இந்நகரின் முதியோர் இல்லம் ஒன்றுக்குச் சென்று வருகிறோம். அங்கே தமிழ்ப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். மத்திய அரசாங்க அலுவலகத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்தவர். பிள்ளைகள் கடல் கடந்து வாழ்கிறார்கள். பக்கவாதம் வந்தபின் அவருடைய இடப்பக்கம் மட்டுமா போயிற்று? வாழ்நாளெல்லாம் பேசிய இந்தியும் ஆங்கிலமும் போயின. தாய்மொழி மட்டுமே எஞ்சியது. அவரைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணிக்கோ தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது.

ஒரு ஞாயிறன்று நான் போனபோது, "எரியுது தம்பி, எரியுது" என்றார். எத்தனை நாளாக என்று கேட்டேன். விரல்களை விரித்துக் காட்டினார். நான்கு நாள். அந்தப் பெண்மணியிடம் சொன்னேன். அவர் திடுக்கிட்டு, "பாபா ஏதோ பாட்டுப் பாடுகிறார் என்றல்லவா நினைத்திருந்தேன்!" என்றார். இருவருமாக அவரைப் புரட்டிப் பார்த்தோம். முதுகுத் தண்டு முடியும் இடத்தில் சிவப்பு ஒன்றும் இல்லை. சுற்றிலும் உள்ள தோலைவிடச் சற்றே கறுத்திருந்தது. தொட்டால் சூடு, அழுத்தினால் கெட்டி. "ஒன்றும் இல்லை, வயதான தோல்" என்றார் மேற்பார்வையாளர். அடுத்த ஞாயிற்றுக்குள் அந்த இடம் வெடித்து, ஒரு ரூபாய் நாணயம் அளவு புண்ணாயிற்று. இரண்டே வாரத்தில் உள்ளங்கை அளவு. அது ஆறுவதற்கு ஐந்து மாதம் பிடித்தது.

மேற்பார்வையாளர் பொய் சொல்லவில்லை. அவர் படித்த புத்தகத்தில், தோல் சிவக்கும், விரலால் அழுத்தினாலும் அச்சிவப்பு வெளிறாது, அதுவே முதல் அறிகுறி என்று எழுதியிருக்கும். அப்படங்களில் பெரும்பாலும் காண்பது வெள்ளையர் தோல். நம்மைப் போன்ற கறுத்த மேனியில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். சூடு, குளிர்ச்சி, கெட்டித்தன்மை, வீக்கம், நிற வேறுபாடு, எல்லாவற்றிற்கும் மேலாக நோவு என்ற சொல், இவற்றைக் கொண்டே நாம் கண்டறிய வேண்டும். பார்த்தால் போதாது, தொட வேண்டும், கேட்க வேண்டும். கேட்டால் விளங்கவும் வேண்டும்.

காரணம் எளிது. நம் தோலுக்குள் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களின் அழுத்தம் மிகச் சிறிது. 1930-இல் லாண்டிஸ் என்பவர் விரல் நகத்தின் ஓரத்தில் அதை அளந்தார். இரத்தம் உள்ளே வரும் முனையில் பாதரச அளவில் ஏறத்தாழ 32 மில்லிமீட்டர் இருந்தது. எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே சதை நசுங்கும்போது அழுத்தம் அதைப் பன்மடங்கு தாண்டிவிடும். பிராணவாயு கிடைக்காமல் சதை வாடுகிறது. நீயும் நானும் தூக்கத்திலேயே புரண்டு படுத்துத் தப்பிக்கிறோம். புரள இயலாதவருக்கு நம் கைகளே கதி. பல வேளைகளில் சேதம் எலும்பையொட்டிய ஆழத்தில் தொடங்கி, பின்னரே வெளியே தெரிகிறது. தலைமாட்டை நிமிர்த்தி வைத்தால் உடல் கீழே சரியும்; தோல் ஒரு பக்கமும் எலும்பு ஒரு பக்கமும் இழுபடும். அதுவும் புண்ணுக்கு வழி.

இதை விதி என்பவர் இன்றும் உண்டு. அந்தக் காலத்து மேதைகளிலும் இருந்தனர். பாரிஸ் நகரத்து நரம்பியல் மேதை ஷார்கோ, நரம்பு கெட்டதால் வரும் புண் இது என்று கருதினார். நரம்பு கெட்டதால் வருவதென்றால் தாதி என்ன செய்ய முடியும்? ஆனால் 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர், முதுகுத்தண்டு முறிந்த போர்வீரர்களை இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்கச் செய்தார். அதற்கு முன்பு சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ மாண்டுபோனவர்கள், அதன்பின் சக்கர நாற்காலியில் அமர்ந்து விளையாட்டுப் போட்டிகளில் கலந்துகொண்டார்கள். கெட்ட நரம்பு கெட்டபடியேதான் இருந்தது. மாறியது படுக்கை ஒன்றே.

ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இலேயே, இது பெரும்பாலும் பராமரிப்பின் குறை என்று எழுதிவிட்டார். இதைப் படித்துவிட்டு ஆயாவின் மேல் பழி போடுவோர் அடுத்த பக்கத்தைப் படிப்பதில்லை. கட்டடமும் நிர்வாகமும் சரியாக இல்லாவிட்டால் யாராலும் பராமரிக்க முடியாது என்பதும் அவர் சொன்னதே.

ஆகவே நான் ஒரு கணக்குப் போட்டேன். அந்த இல்லத்தில் இருப்பவர் 40 பேர். தாமே புரள இயலாதவர் 12 பேர். இரவு 8 மணி முதல் காலை 6 மணி வரை இரண்டு மணிக்கு ஒருமுறை என்றால் ஒருவருக்கு ஐந்து தடவை. மொத்தம் 60 தடவை. திருப்பி, தோலைப் பார்த்து, துணியை மாற்றி, தலையணையை ஒட்டவைக்க ஐந்து நிமிடமாவது ஆகும். 300 நிமிடம். தோல் உராயாமல் தூக்கித் திருப்ப இரண்டு பேர் வேண்டும். ஆக மொத்தம் பத்து ஆள்மணி. அந்த இல்லத்தில் இரவுக் காவலுக்கு இருப்பவர் ஒரே ஒரு பெண்மணி. அவருடைய இரவு முழுவதையும் இதற்கே கொடுத்தாலும், இன்னொரு ஜோடிக் கைக்கு அவர் எங்கே போவார்? தண்ணீர் கேட்பவரும் விழுந்துவிட்டவரும் இந்தக் கணக்கிலேயே சேரவில்லை. ஆனால் சுவரில் தொங்கும் அட்டையில் இரண்டு மணிக்கு ஒரு கையொப்பம் தவறாமல் இருக்கிறது! இட்டவரை நான் குறை சொல்லமாட்டேன். இயலாததை ஆணையிட்டால் காகிதம்தான் கீழ்ப்படியும்.

வழி இல்லாமல் இல்லை. அமெரிக்கா, கனடா நாடுகளின் முதியோர் இல்லங்களில் 900-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி ஒன்று 2013-இல் வெளியாயிற்று. அடர்த்தியான நல்ல நுரை மெத்தையில் படுத்தவர்களை இரண்டு மணி, மூன்று மணி, நான்கு மணிக்கு ஒருமுறை திருப்பிப் பார்த்தார்கள். புண் வருவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. திருப்பும்போதெல்லாம் தோலைக் கவனித்தார்கள் என்பதை மறக்கக்கூடாது. முன்பே புண் உள்ளவருக்கும் இது பொருந்தாது. ஆயினும் நான்கு மணிக்கு ஒருமுறை என்றால் நம் கணக்கு ஆறு ஆள்மணியாகக் குறைகிறது. இரவுக்கு இரண்டு பேர் இருந்தால் மூன்று மணி நேர வேலை. வரவேற்பு அறையில் சலவைக்கல் பதிப்பதற்கு முன்னால், பஞ்சு கட்டிபட்ட பழைய மெத்தைகளைத் தூக்கி எறியலாம்.

உணவையும் சொல்லவேண்டும். புண் வரும் நிலையில் உள்ளவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாள்தோறும் 1.25 முதல் 1.5 கிராம் வரை புரதம் தரலாம் என்பது 2014-இல் வெளியான மருத்துவ வழிகாட்டி ஒன்றின் பரிந்துரை. 50 கிலோ எடையுள்ள பெரியவருக்கு அறுபது கிராமுக்குமேல் ஆகிறது. கஞ்சியும் ரசம் சாதமும் அதில் பாதியையும் எட்டா. பருப்பு, பால், தயிர், உண்பவராயின் முட்டை, இவை மருந்தைப்போல் கணக்கிட்டுத் தரப்படவேண்டும்.

நம் வீடுகளிலும் இல்லங்களிலும் அன்பின் பெயரால் நடக்கும் கெடுதல்கள் வேறு. கறுத்த இடத்தை ஸ்பிரிட் போட்டுத் தேய்க்கிறார்கள். நசுங்கிய சதையை மேலும் நசுக்குவதே அது. நடுவில் ஓட்டையுள்ள ரப்பர் வளையத்தில் உட்காரவைக்கிறார்கள். வளையத்தின் விளிம்பு சுற்றிலும் இரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது. புண்ணைக் காற்றாட விட்டு உலர்த்துகிறார்கள். பன்றிகளின் தோலில் சோதனை செய்த ஜார்ஜ் விண்டர், மெல்லிய பாலிதீன் தாளால் மூடி ஈரம் காக்கப்பட்ட காயம், திறந்து உலரவிட்ட காயத்தைவிட ஏறத்தாழ இருமடங்கு விரைவில் தோல் மூடுவதை 1962-இல் காட்டிவிட்டார். எங்கள் விடுதியில் இருக்கும் மருத்துவ மாணவர் ஒருவருக்கே இது புதுச் செய்தியாக இருந்தது!

சட்டத்திற்கு வருவோம். 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், மாவட்டத்துக்கு ஒன்றாவது தொடங்கி, ஏழை முதியோர் 150 பேர் தங்கக்கூடிய இல்லங்களை மாநில அரசாங்கங்கள் அமைக்கலாம் என்கிறது. அவற்றின் தரத்தை வகுக்கவும் அதிகாரம் தருகிறது. படுக்கைகளை எண்ணியாயிற்று. புண்களை யார் எண்ணுவது? அமெரிக்காவில் 1987-இல் வந்த சீர்திருத்தச் சட்டத்தை அடுத்து எழுந்த விதிகளின்படி, புண் இல்லாமல் வந்தவருக்கு, தவிர்க்கவே முடியாத நிலையிலன்றி, இல்லத்தில் புண் வரக்கூடாது. எந்த இல்லத்தில் எத்தனை பேருக்குப் புண் என்பதை அந்நாட்டு அரசாங்கம் யாவரும் காணும்படி வெளியிடுகிறது. அங்கேயும் குறைகள் ஏராளம். ஆனால் எண்ணிக்கை இருக்கிறது. இங்கும் ஒவ்வோர் இல்லமும், சேரும் நாளில் தோலைச் சோதித்து எழுதவேண்டும். மாதந்தோறும் புதிய புண்களின் எண்ணிக்கையையும், இரவில் எத்தனை பேர் வேலையில் இருந்தனர் என்பதையும் வாயிற் பலகையில் எழுதவேண்டும். இரண்டு எண்களே. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விளக்கவுரை வேண்டியதில்லை.

இடம் பார்க்க வரும் பிள்ளைகள் கோயில் அருகில் உண்டா, தொலைக்காட்சி உண்டா, சாப்பாடு சைவமா என்றெல்லாம் கேட்கிறார்கள். இரவில் எத்தனை பேர் என்று ஒருவராவது கேட்டதாக அந்தப் பெண்மணிக்கு நினைவில்லை.

நம் சங்கத்தால் மெத்தை வாங்கிக் கொடுக்க முடியுமா, தெரியவில்லை. சென்ற மாதம் ஓர் அட்டையில் ஏழு தமிழ்ச் சொற்களை இந்தி எழுத்தில் எழுதி, பொருளும் எழுதி, பெரியவரின் கட்டிலில் கட்டிவிட்டு வந்தோம். எரியுது, வலிக்குது, ஈரம், திருப்பு, குதிகால், தண்ணீர், போதும். போன ஞாயிறு நாங்கள் போனபோது, "குதிகால்?" என்று அந்தப் பெண்மணி கேட்டுக்கொண்டிருந்தார். பெரியவர் தலையசைத்தார். அவர் காலடியில் தலையணையைச் செருகிக் குதிகாலை மெத்தையில் படாமல் தூக்கிவைத்தார். அன்று இரவும் அவர் ஒருவர்தான்.