பால் படாத பலகாரம்

"சைவம்" என்று பலகை தொங்கும் ஹோட்டலில் விலக்கப்பட்டது புலால்தான். பாலும் நெய்யும் அல்ல. அவற்றையும் விலக்கும் நெறிக்கு 1944-ல் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் முதலியோர் 'வீகன்' என்று பெயரிட்டார்கள். அந்நெறியை மேற்கொண்ட இளைஞர்கள் இப்போது நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள். பால் உடலுக்கு ஒவ்வாத குழந்தைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கோ, அறியாமல் விட்ட ஒரு கரண்டி நெய்யும் விபரீதமாய் முடியக்கூடும்.

இத்தகையோருடன் மதுரையில் உணவருந்தப் புறப்படும் நேயர்கள், பெரிய ஹோட்டலைவிட இரவு நேர இட்லிக் கடையை முதலில் நாடலாம் என்பது நம் அபிப்பிராயம். நெய் கட்டுபடியாகாத இடத்தில் எண்ணெய்தானே ஆட்சி புரியும்! இட்லியும் தேங்காய்ச் சட்னியும் பெரும்பாலும் பால் படாதவை. ஆயினும் விசாரியாமல் உண்ணலாகாது. பொங்கலில் நெய் மிதக்கும். அவியலில் தயிர் கலந்திருக்கும். ரவா தோசை மாவில் சிலர் மோர் விடுவதுண்டு. ரஸத்தை நெய்யில் தாளிப்பாரும் உண்டு. பரிமாறுகிறவரைக் கேட்டால், "எல்லாம் சைவந்தான், ஸார்!" என்பார். அடுப்படியில் நிற்பவரிடமே கேட்க வேண்டும். "எதில் தாளிக்கிறீர்கள்?" என்றதும் தயங்காமல் விடை வருகிற கடையே நமக்குரிய கடை.

பொட்டலப் பண்டங்களில் பச்சைப் புள்ளியை மட்டும் நம்பிப் பயனில்லை. பால் சேர்ந்தவற்றுக்கும் அது உண்டு. வீகன் உணவுக்கெனத் தனி முத்திரையை 2022-ஆம் ஆண்டு விதிகள் வகுத்திருக்கின்றன.

மதுரைத் தெருக்களில் விற்கும் பருத்திப்பாலின் பெயரைக் கேட்டு மட்டும் அஞ்ச வேண்டாம். பருத்தி விதையை அரைத்துப் பிழிந்து, வெல்லமும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சுவது அது. மாட்டுக்கு வைக்கும் பருத்தி விதையை, மாட்டை நடுவில் இழுக்காமல் நாமே நேராகப் பருகிவிடுகிறோம்!