"அவங்கதானே டீச்சர் அந்தப் பாடமே!"

நண்பர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. இப்போது நேரம் இல்லாதவர்கள் ராத்திரி படியுங்கள். சண்டை போடுவதானால் முழுக்கப் படித்துவிட்டுப் போடுங்கள்.

நான் கடைசியாக வேலை பார்த்த அடிவாரப் பள்ளியின் பழைய மாணவர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். போன வாரம் அதில் ஒரு நல்ல செய்தி வந்தது. பெங்களூரில் இருக்கும் என் மாணவர் ஒருவரின் மகள், ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகம் நடத்தும் மூன்று வார சம்மர் கோர்ஸுக்குத் தேர்வாகியிருக்கிறாள். பாடம், உலக சுகாதாரச் சவால்கள். கட்டணம், விமானம், தங்குமிடம் எல்லாம் சேர்த்து நாலு லட்சத்தைத் தாண்டுகிறது என்று அப்பாவே எழுதியிருந்தார். கைதட்டல், பூங்கொத்து, வாழ்த்து எல்லாம் குவிந்தன. நானும் வாழ்த்தினேன், மனசார.

பிறகு அந்தக் கோர்ஸின் விளக்கத்தாளையும் போட்டார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து படித்தேன். தாய்சேய் மரணம். புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள். மருத்துவமனைக்கும் மக்களுக்கும் உள்ள தூரம். சத்துக்குறைவு. படிக்கப் படிக்க எனக்கு ஜமுனாமரத்தூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற மாதிரியே இருந்தது. ஜவ்வாது மலையில் இருபது வருஷம் வேலை பார்த்தவள் நான். அதனால் குழுவில் சாதாரணமாக ஒன்று கேட்டேன்: "இந்த மாதிரிப் படிப்புக்கு நம்ம மலைப் பிள்ளை ஒன்றை அனுப்ப வழி இருக்கா?"

ஒரு தம்பி உடனே பதில் போட்டார்: "அவங்களுக்கு எதுக்கு டீச்சர்? அவங்கதானே அந்தப் பாடமே!" பின்னாடியே சிரிக்கிற பொம்மை நாலு.

தம்பி கெட்டவர் இல்லை. நான் எழுத்து சொல்லிக்கொடுத்த பிள்ளைதான். ஆனால் அந்த ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. இந்தப் பதிவு அந்த வரிக்கான பதில். அவள் போவதற்கு எதிரானது என்று யாரும் திரித்துவிட வேண்டாம்.

1994, ஐப்பசி மழை. மலையில் ஓர் உண்டு உறைவிடப் பள்ளி. பிள்ளைகள் தரையில் பாய் விரித்துத்தான் படுப்பார்கள். காலை பிரார்த்தனையில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் நிற்க முடியாமல் தள்ளாடினான். இமை இரண்டும் பாதி மூடிக் கிடந்தன. "ஏண்டா, ராத்திரியெல்லாம் தூங்காம என்ன பண்ணின?" என்று அதட்டி ஓரமாக நிற்க வைத்தேன். "வயிறு வலிக்குது டீச்சர்" என்றான். சமையல்காரர் ஓமத் தண்ணி வைத்துக் கொடுத்தார். பத்து மணிக்கு அவனால் எச்சில் விழுங்க முடியவில்லை, பேச்சு மூக்கால் வந்தது. சாமை கொடுக்க வந்த ஒரு பெரியவர் பார்த்துவிட்டுத்தான், "இது விரியன் தீண்டின மாதிரி இருக்கும்மா" என்றார். உடம்பெல்லாம் தேடினோம், கடிவாய் இல்லை. டோலி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினோம். கீழே ஓர் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். மருந்து இல்லை, வேலூருக்குக் கொண்டு போங்கள் என்றார்கள். வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது.

கட்டுவிரியன் தூக்கத்தில் கடித்தால் பெரும்பாலும் வலிக்காது, வீங்காது, பல் பதிந்த தடம்கூடத் தெரியாமல் போகும். வயிற்றுவலி வரும், இமை சரியும், தொண்டை அடைக்கும், கடைசியில் மூச்சுத் தசை நிற்கும். இது எனக்கு எப்போது தெரிந்தது? பல வருஷம் கழித்து ஒரு பத்திரிகையில் படித்து. ஆசிரியர் பயிற்சிப் பட்டயத்தில் உளவியல் படித்தேன், கரும்பலகையில் எழுதும் முறை படித்தேன், காகிதத்தில் பூ செய்யக்கூடப் படித்தேன். இமை சரிந்தால் அதட்டாதே, தூக்கிக்கொண்டு ஓடு என்று எவரும் சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தால் எங்களுக்கு ஐந்து மணி நேரம் மிச்சமாகியிருக்கும். பிழைத்திருப்பானா என்று நான் கணக்குப் போடுவதை நிறுத்திவிட்டேன்.

இப்போது சொல்லுங்கள் தம்பி, அந்தப் படிப்பு யாருக்கு எதுக்கு?

இதற்கும் ஒரு பதில் வரும், தெரியும். "டீச்சர், அது முதலுதவி வகுப்பு இல்லை. கொள்கை, புள்ளிவிவரம், ஆராய்ச்சி." சரி, புள்ளிவிவரத்துக்கே வருகிறேன். அந்தப் பையன் எந்த ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலும் இல்லை. வழியில் இறந்தவனுக்கு யார் சீட்டு எழுதுவார்கள்? அவன் பெயர் இருந்த ஒரே இடம் என் வருகைப் பதிவேடு. சிவப்பு மையால் கோடு போட்டு "இறப்பு" என்று எழுதினேன். காரணம் எழுதவில்லை, அதற்கு அங்கே கட்டமே கிடையாது. இந்தியா முழுக்க இப்படித்தான். ஆஸ்பத்திரிக் கணக்கை மட்டும் பார்த்தவர்களுக்குப் பாம்புக்கடிச் சாவு சின்ன விஷயமாகத் தெரிந்தது. வீடு வீடாகப் போய், யார் எப்படிச் செத்தார்கள் என்று கேட்டு எடுத்த ஆய்வில்தான், 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர், வருஷத்துக்கு ஏறக்குறைய 58,000 பேர் என்று வெளியே வந்தது. உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்ததே 2017இல்தான். தமிழ்நாட்டில் ஒவ்வொரு பாம்புக்கடியையும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று உத்தரவு வந்தது 2024 நவம்பரில். ஆக, புள்ளிவிவரத்தின் முதல் எழுத்தை எழுதுகிறவர் மலையில் இருக்கிற வாத்தியாரும் கிராம சுகாதார செவிலியரும் ஆஷா பெண்ணும். அவர்களுக்குப் பாடம் வேண்டாம், அவர்கள் எழுதாமல் விட்டதைத் தேடுகிற ஆளுக்கு மட்டும் ஐரோப்பாவில் சான்றிதழ் வேண்டுமாம்!

பழைய கதை என்று தள்ளவும் முடியாது. 2023 மே மாதம் அணைக்கட்டுப் பக்கம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தை பாம்பு கடித்து இறந்தது. ரோடு இல்லாததால் ஆம்புலன்ஸ் ஊர்வரை போக முடியவில்லை. தாய் அந்த உடலைக் கையில் சுமந்துகொண்டு மலையேறினார். எல்லோரும் பார்த்தோம், பகிர்ந்தோம், அடுத்த வீடியோவுக்குப் போனோம்.

நம் ஊரில் பயிற்சியே நடப்பதில்லையா என்றால், நடக்கிறது. பேனர், டீ, பிஸ்கட், ஒரு மணி நேர ஸ்லைடு, குரூப் போட்டோ. "விழிப்புணர்வு முகாம்" என்று பெயர். பணம் கட்டி வருகிறவர்களுக்கு மூன்று வாரம், பாம்போடு படுத்து எழுகிறவர்களுக்கு ஒரு மணி நேரம்.

மலைப் பிள்ளைக்கு மண்டையில் ஏறாது என்கிறவர்கள் சித்தேரி மலை அடியில் இருக்கும் சிட்லிங்கிக்குப் போய்ப் பார்க்கட்டும். ஜவ்வாது மலையில் இருக்கும் அதே மலையாளிப் பழங்குடி மக்கள்தான் அங்கேயும். 1993இல் டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் ஒரு குடிசையில் வைத்தியம் ஆரம்பித்தபோது, அந்தப் பள்ளத்தாக்கில் ஆயிரம் குழந்தை பிறந்தால் ஏறக்குறைய 150 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. அவர்கள் உள்ளூர்ப் பெண்களுக்கே சொல்லிக்கொடுத்தார்கள். பிரசவம் பார்ப்பது, ஆபரேஷன் தியேட்டரில் உதவுவது, ஊர் ஊராகப் போய்க் குழந்தையை எடை போடுவது, எல்லாம். அந்த 150 இன்று பழங்கணக்கு.

மகாராஷ்டிராவில் ஜாம்கேட் என்று ஓர் ஊர். நம்ம வேலூர் சி.எம்.சி.யில் படித்த ராஜ் ஆரோலே, மேபெல் ஆரோலே தம்பதி 1970இல் அங்கே கிராம சுகாதாரத் திட்டம் தொடங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் பலர் சுகாதாரப் பணியாளர் ஆனார்கள். இன்று வெளிநாட்டுப் பல்கலைக்கழக மாணவர்கள் பணம் கட்டி அங்கே வந்து அந்தப் பெண்களிடம் பாடம் கேட்கிறார்கள். பாடமாக இருந்தவர்கள் வாத்தியார் ஆன இடம் அது.

வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் சங்கத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். 1978இல் ஆரம்பித்தது. இந்தியாவின் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் போகிறது. அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் ஃப்ளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு பிடித்துக் காட்டினார்கள். 2023இல் பத்மஸ்ரீ. அவர்களிடம் எந்த சம்மர் கோர்ஸ் சான்றிதழ் இருந்தது தம்பி?

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. மே மாதம் மலையில் உண்டு உறைவிடப் பள்ளிகள் எல்லாம் காலி. கட்டில் உண்டோ இல்லையோ, கூரை உண்டு, சமையலறை உண்டு. இரண்டு வாரம் அங்கேயே அந்தக் கோர்ஸை நடத்துங்கள், தமிழில். விடுதிச் சமையல்காரர், ஆஷா பெண்கள், இடைநிலை ஆசிரியர்கள், பிளஸ் டூ முடித்த பிள்ளைகள், ஊர்க்கவுண்டர் எல்லோரும் உட்காரட்டும். டாக்டர் வரட்டும், இருளர் வரட்டும், வருஷக்கணக்காக மலையேறி ஊசி போட்ட செவிலியரும் பாடம் எடுக்கட்டும். வெளிநாட்டுப் பிள்ளைகளும் தாராளமாக வரலாம். மொழிபெயர்ப்பாளரை அவர்கள் செலவில் வைத்துக்கொண்டு பின் பெஞ்சில் உட்காரட்டும். வானத்தைப் பார்க்க 1986லேயே 2.3 மீட்டர் தொலைநோக்கியை இதே மலையில் காவலூருக்குக் கொண்டுவந்து வைக்க முடிந்தது. அதைவிட ஒரு கரும்பலகையும் பத்துக் குப்பி விஷமுறிவு மருந்தும் கனமா?

பல்கலைக்கழகங்களில் இருக்கிற என் மாணவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். லைக் வேண்டாம். யாரிடம் மனு கொடுக்க வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள், நடந்து போய்க் கொடுக்கத் தெம்பு இருக்கிறது.

அந்தப் பெண் நேற்று ராத்திரி எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்பினாள். "டீச்சர், போறதுக்கு முன்னாடி ஒரு நாள் மலைக்கு வரலாமா?" வா என்றேன். ஞாயிற்றுக்கிழமை போளூரில் பஸ் ஏறுகிறோம். ஓமத் தண்ணி கொடுத்த சமையல்காரர் இன்னும் இருக்கிறார், அவர் வீட்டில்தான் சாப்பாடு. நோட்டு கொண்டு வா, போட்டோ எடுக்காதே, அவர் பேசும்போது குறுக்கே பேசாதே என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அந்தத் தம்பியையும் கூப்பிட்டேன். நீல டிக் விழுந்திருக்கிறது, பதில்தான் இன்னும் வரவில்லை.