எஞ்சின் கொதித்தால்

கோடை விடுமுறைக்குப் போசரியிலிருந்து காரிலேயே ஊர் செல்லும் அன்பர்கள் காத்ரஜ், கம்பாட்கி மலையேற்றங்களைக் கடக்க நேரிடலாம். எஞ்சினின் குறை அங்கேதான் வெளிப்படும். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் சோதித்தல் நலம்.

சூடாயிருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறத்தலாகாது. அழுத்தத்தில் அடைபட்ட நீர் 100 டிகிரியைக் கடந்தும் கொதியாதிருக்கும். மூடி நீங்கிய கணமே பொங்கி முகத்தைச் சுடும்.

முற்றும் ஆறிய பின், சேமக் குப்பியில் கூலண்ட் இரு கோடுகளுக்கிடையே உள்ளதா என நோக்குக. குறைந்திருப்பின் குழாய்களிலும் தரையிலும் கசிவைத் தேடுக. அளவு சரியாயிருந்து, வண்டி நிற்கும்போது மட்டும் சூடேறினால் விசிறியை ஐயுறுக. எஞ்சின் கொதித்தும் ரேடியேட்டர் குளிர்ந்தேயிருப்பின் தெர்மோஸ்டாட் திறக்காமலிருக்கலாம். எண்ணெய் பால்நிறமுற்றால் கேஸ்கெட் பழுதெனக் கருதி, வண்டியை ஓட்டாது மெக்கானிக்கை வீட்டிற்கே அழைப்பீராக.